கழிவுக்கு விலையில்லை, கைக்கு விலையுண்டு

தஞ்சோங் பகார் என்றால் மலாய் மொழியில் வேலி முனை என்று பொருள். அந்தப் பெயருக்கு ஒரு பழங்கதை சொல்வார்கள். ஒரு காலத்தில் சிங்கப்பூர்க் கரைக்குக் கூட்டங்கூட்டமாக வந்த வாள்மீன்கள் மக்களைக் குத்திக் கொன்றனவாம். மன்னர் தம் வீரர்களையே வரிசையாக நிறுத்தி வைத்தார். அவர்களும் மடிந்தார்கள். அப்போது ஒரு சிறுவன், வாழைமரங்களை வெட்டிக் கரையோரம் வேலியாக வைக்கச் சொன்னான். பாய்ந்து வந்த மீன்களின் மூக்குகள் அதில் குத்தி மாட்டிக்கொண்டன. ஊர் பிழைத்தது. ஆனால் இவ்வளவு அறிவுள்ள பிள்ளை வளர்ந்தால் தமக்கு ஆபத்து என்று அஞ்சி, மன்னர் அவனைக் கொன்றுவிட்டார்.

குலை வெட்டிய பிறகு வாழைமரம் வீசியெறியும் பொருள்தான். எறியும் பொருளில் ஒரு பயனைக் கண்டவனுக்கு இந்த முனையில் கிடைத்த கூலி அது! இன்று அப்படிப்பட்டவர்களை யாரும் கொல்வதில்லை. பாராட்டுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், பிறகு பேரம் பேசுகிறோம். அந்தப் பேரத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பழைய சேலையில் பை தைப்பவர்கள், நாளிதழைச் சுருட்டிக் கிண்ணம் செய்பவர்கள், பானக் குவளையின் தகரத்தை வெட்டிக் காதணி செய்பவர்கள் நம் நகரில் இருக்கிறார்கள். வார இறுதிச் சந்தைகளில் ஒரு மேசை போட்டு விற்கிறார்கள். மேக்ஸ்வெல் சாலையில் போக்குவரத்துக் காவல்துறையின் தலைமையகமாக இருந்த சிவப்புக் கட்டடத்தில் 2005 முதல் 2017 வரை ரெட் டாட் வடிவமைப்பு அரும்பொருளகம் இயங்கியது. அங்கே கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் தங்கள் கைப்பொருள்களை விற்கும் சந்தை நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சந்தைகள் இடம் மாறலாம். ஆனால் மேசைக்கு முன்னால் நிற்பவர் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதில்லை: "இது பழைய துணிதானே, ஏன் இவ்வளவு விலை?"

இந்தக் கேள்விக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கைவினைஞர் பழைய சேலையிலிருந்து ஒரு பை தைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலை அவருக்கு இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதைத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். கிழிந்த இடம், சாயம் போன இடம், மடிப்பில் நைந்த இடம் எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். மிஞ்சியதில் கரை எங்கே வருகிறது, பூ எங்கே வருகிறது என்று பார்த்து வெட்ட வேண்டும். புதுத் துணி என்றால் இருபது மடிப்பாக அடுக்கி, ஒரே வெட்டில் இருபது பைகளுக்குத் துண்டு எடுத்துவிடலாம். பழைய சேலையில் அது நடக்காது, ஒவ்வொரு சேலையும் ஒவ்வொரு விதமாக நைந்திருக்கும். ஆகவே கழிவுப்பொருளில் வேலை குறைவு என்பது தவறான எண்ணம். உண்மையில் வேலை கூடுதல்.

உள்துணி, நூல், ஜிப் ஆகியவற்றுக்கு 4 வெள்ளி. உழைப்பு 3 மணி நேரம். மணிக்கு 10 வெள்ளி என்று மிகக் குறைவாக வைத்தாலும் 34 வெள்ளி ஆகிறது. சந்தையில் மேசை வாடகையை இன்னும் சேர்க்கவில்லை. "15 வெள்ளிக்குத் தாருங்கள்" என்று நாம் கேட்டால், பொருள்செலவு போக அவருக்கு மிஞ்சுவது 11 வெள்ளி. மணிக்கு 4 வெள்ளிகூட இல்லை! நம்மில் பலர் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறோம். மணிக்கு 4 வெள்ளி தருகிறேன் என்று ஒரு பெற்றோர் சொன்னால் அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிப்போமா?

கழிவிலிருந்து கலை படைத்துப் பெயர் பெற்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இந்தக் கணக்கே தெரிகிறது. சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர் இருந்தார். புதிய நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளிலிருந்து உடைந்த பீங்கான், வளையல் துண்டு, கல், இரும்பு ஆகியவற்றை 1950களின் பிற்பகுதியிலிருந்து சேகரித்தார். அரசாங்கக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் இரவு நேரங்களில் சிலைகள் செய்து வைத்தார். 1970களின் நடுவில் அதிகாரிகள் அதைக் கண்டுபிடித்தபோது இடித்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் 1976ல் அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவருக்குச் சம்பளத்துடன் அந்த வேலையையே கொடுத்து, உதவிக்கு ஆட்களையும் கொடுத்தார்கள். 1984ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பாறைத் தோட்டத்தைப் பார்க்கக் கூட்டம் குறையவில்லை.

கானாவில் 1944ல் பிறந்த எல் அனட்சுயி, நைஜீரியாவில் மதுப்புட்டி மூடிகளைத் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்து, சுவரை மறைக்கும் பெரிய திரைகளாக்குகிறார். அவருடைய படைப்புகள் ஏலத்தில் மில்லியன் டாலரைத் தாண்டிப் போயிருக்கின்றன. 2015ல் வெனிஸ் கலைவிழாவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது பெற்றார். ஆனால் அவரும் பல்லாண்டுக் காலம் நைஜீரியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சம்பளம் வாங்கியவர். மூடி கோக்கும் வேலையைக் கூலிக்கு ஆள் வைத்தே செய்கிறார்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டும் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தாக்கிய பிறகு, ஆரோவில் பகுதி மீனவக் கிராமங்களில் பெண்கள் துயரத்தில் முடங்கிக் கிடந்தார்கள். ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்தும் உமா பிரஜாபதி, தையலில் மிஞ்சும் துண்டுத் துணிகளைக் கொண்டு சிறு பொம்மை செய்ய அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். விரல் அளவே உள்ள அந்தப் பொம்மைக்குச் சுனாமிகா என்று பெயர். நூற்றுக்கணக்கான பெண்கள் அதைச் செய்தார்கள், பல இலட்சம் பொம்மைகள் உலகெங்கும் போயின. சுனாமிகா விற்பனைக்கு அல்ல. அது அன்பளிப்பாக மட்டுமே கொடுக்கப்படுகிறது.

"பார்த்தீர்களா, அவர்கள் காசு வாங்கவில்லையே!" என்று சிலர் சொல்லக்கூடும். அங்கேதான் கவனிக்க வேண்டும். பொம்மை இலவசம், ஆனால் அதைச் செய்த பெண்களுக்கு ஊதியம் உண்டு. பொம்மையைப் பெற்றவர்களும் மற்றவர்களும் தந்த நன்கொடை அந்த ஊதியமாயிற்று. நேக் சந்துக்கு அரசாங்கம் கொடுத்தது. அனட்சுயிக்குப் பல்கலைக்கழகம் கொடுத்தது. சுனாமிகா பெண்களுக்கு நன்கொடையாளர்கள் கொடுத்தார்கள். எங்கேயும் கழிவுதான் இலவசமாக இருந்ததே தவிர, கை இலவசமாக இருக்கவில்லை. சிங்கப்பூரின் வார இறுதிச் சந்தையில் மேசை போடுபவருக்கு அரசாங்கச் சம்பளமும் இல்லை, நன்கொடையும் இல்லை. பொருளுக்கு நாம் கொடுக்கும் விலை ஒன்றுதான் அவருடைய ஊதியம்.

பழையது என்றால் மலிவாக இருக்க வேண்டும் என்று நாம் உண்மையிலேயே நம்புகிறோமா? தஞ்சோங் பகாரையே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். 1980களில் இடிந்து விழும் நிலையில் இருந்த கடைவீடுகள் அங்கே வரிசையாக நின்றன. 1989ல் அந்த வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பழைய ஓட்டையும் மரச்சன்னலையும் காப்பாற்றிப் புதுப்பித்த அந்தக் கடைவீடுகள் இன்று பல மில்லியன் வெள்ளிக்கு விலைபோகின்றன. 1932ல் திறக்கப்பட்ட ரயில் நிலையத்தில் 2011ல் சேவை நின்றுபோனாலும் அது தேசிய நினைவுச் சின்னமாக நிற்கிறது. துறைமுகத்தை ஒட்டிய கிடங்குக் கட்டடம் ஒன்றில் 2022 முதல் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் காட்சிகள் நடத்துகிறது. பழைய கட்டடத்துக்குப் புது உயிர் கொடுக்கும் கட்டடக் கலைஞரிடம் "இது பழைய சுவர்தானே, பாதிக் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யாரும் சொல்வதில்லை. சுவருக்கு ஒரு நியாயம், சேலைக்கு ஒரு நியாயமா?

இந்த இரட்டை நியாயத்துக்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. பழையதைப் பயன்படுத்துவது தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. பழைய சேலைகளை அடுக்கித் தைத்த விரிப்பில் படுத்து வளர்ந்தவர்கள் நம் பெற்றோர். ஊறவைத்த காகிதத்தோடு வெந்தயத்தைச் சேர்த்து அரைத்து, அந்தக் கூழை முறத்திலும் கூடையிலும் பூசி ஓட்டை அடைத்தவர்கள் நம் பாட்டிகள். அந்த வேலைகளுக்கு நாம் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை. பாட்டி செய்தது பாசம், ஆகவே அது இலவசம் என்று பழகிவிட்டோம். அதே வேலையை இன்னொருவர் தொழிலாகச் செய்து விலை சொல்லும்போது நமக்கு அதிர்ச்சியாக இருக்கிறது.

இன்னொரு காரணம், குப்பையைத் தொடும் கையைத் தாழ்வாகப் பார்க்கும் நம் பழைய நோய். "பட்டம் வாங்கிவிட்டுக் குப்பை பொறுக்கப் போகிறாயா?" என்று கேட்கும் பெற்றோர் இன்றும் உண்டு. ஆனால் கழிவுக்கு மதிப்பு உண்டு என்பது இந்த ஊருக்குத் தெரியாத ஒன்றா? வீட்டு வாசலில் குரல் கொடுத்து வந்த காராங் குனிக்காரரிடம் பழைய நாளிதழை நிறுத்துக் காசு வாங்கியவர்கள்தாமே நாம்? அந்தக் குனி என்ற சொல்லே நம் கோணிக்கு உறவு. தேக்காவுக்குப் பக்கத்தில் சுங்கை ரோட்டில் பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி வரை நடந்தது. தஞ்சோங் பகாரிலும் தமிழர் கைத்தொழிலுக்கு வரலாறு உண்டு. கடையநல்லூரிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்களில் நெசவு தெரிந்த குடும்பங்கள் பல. அக்குடும்பங்களின் பெண்கள் மசாலா அரைத்து விற்றுச் சம்பாதித்தார்கள். கடையநல்லூர்த் தெரு என்ற பெயர் இன்றும் அங்கே இருக்கிறது. கையால் பிழைத்தவர்களின் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் எப்படி இழிவாகும்?

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கைவினைக் கலைஞர்களால் சிங்கப்பூரின் குப்பைப் பிரச்சினை தீராது. 1999 முதல் நம் குப்பையின் சாம்பலை ஏற்றுவரும் செமாக்காவ் தீவு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது 2023ல் 12 விழுக்காடுதான். துணிக் கழிவில் 2022ல் வெறும் 2 விழுக்காடு. இந்தப் பெரும் மலைக்கு முன்னால் ஒருவர் தைக்கும் பைகள் எம்மாத்திரம்? ஆகவே அவர் எத்தனை கிலோ குப்பையைக் குறைத்தார் என்று எடைபோட்டு அவரை மதிப்பிடக் கூடாது. ஓவியரை அவர் செலவழித்த வண்ணத்தின் எடையாலா மதிப்பிடுகிறோம்? நைந்த சேலையில் நாம் காணாத அழகை அவர் கண்டார். அந்தக் கண்ணுக்கும் கைக்கும்தான் விலை.

கைவினைஞர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மறுபயன்பாடு என்ற சொல்லைக் காட்டி அரைகுறைப் பொருளை விற்கக் கூடாது. ஒரு மாதத்தில் தையல் பிரியும் பை மீண்டும் குப்பைத் தொட்டிக்கே போகும். இரக்கத்துக்காக வாங்கியவர் இரண்டாம் முறை வரமாட்டார். பொருள் பொருளாகவே நன்றாக இருக்க வேண்டும்.

"இந்த விலைக்கு வசதி படைத்தவர்கள்தானே வாங்க முடியும்?" என்று ஒரு கேள்வி எழலாம். நியாயமான கேள்விதான். மாணவர்களால் எல்லாவற்றையும் கைவினைப்பொருளாக வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு ஐந்து மலிவுப் பைகள் வாங்கி எறிபவர்களால் உழைக்கும் பை ஒன்று வாங்க முடியும். முடியாவிட்டால் வாங்காமல் பாராட்டிவிட்டுப் போகலாம். அதில் தவறில்லை. பாதி விலைக்குக் கேட்பதுதான் தவறு.

மாணவர்களாகிய நம்மால் செய்யக்கூடியவை சில உள்ளன. தமிழ் மாணவர் அமைப்புகள் ஆண்டுதோறும் நாடகம், தீபாவளி, பொங்கல் என்று விழா எடுக்கின்றன. மேடை அலங்காரத்துக்கும் பயிலரங்குக்கும் கைவினைஞர்களை அழைக்கும்போது, "உங்களுக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்லி இலவசமாகக் கேட்கும் வழக்கத்தை விடுவோம். ஒலிபெருக்கிக்கும் உணவுக்கும் ஒதுக்குவதுபோல் வரவுசெலவுத் திட்டத்தில் அவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குவோம். துணைப்பாடத்துக்கு நாம் கேட்கும் மணிக்கட்டணத்தையாவது கொடுப்போம். பழைய துணி கொடுப்பதானால் துவைத்து, தரம் பிரித்துக் கொடுப்போம். வீட்டைக் காலி செய்யும் சாக்கில் மூட்டையாகக் கட்டி அவர் தலையில் போடுவது கொடை ஆகாது. மேசைக்கு முன்னால் நிற்கும்போது, "ஏன் இவ்வளவு விலை?" என்பதற்குப் பதில், "இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆனது?" என்று கேட்டுப் பார்ப்போம். பதில் தெரிந்த பிறகு பெரும்பாலும் பேரம் பேச வாய் வராது.

வாழைமர வேலி சொன்ன சிறுவனுக்கு மன்னர் ஒரு பிடி நெல்லாவது கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. நாம் கொடுப்போமா?