தொழிலும் துணையும்: குழாயைச் சுருட்டும் விசை



கையால் இழுத்ததையெல்லாம் மின்சாரம் இழுக்கும் காலம் இது. ஆயினும் அவ்விசை எந்தக் கையின் சுமையைக் குறைக்கிறது, எந்தக் கையை வெறுங்கையாக்குகிறது என்பதை ஆராய்ந்த பின்னரே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும். என் மைத்துனனுக்காக நான் போட்ட கணக்கொன்றை இம்மாதம் தங்கள் முன் வைக்கிறேன்.

அவன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் குடியிருப்பவன். சிறு டெம்போவில் தண்ணீர்த் தொட்டியும் பம்பும் வைத்துக்கொண்டு, செம்பூர் முதல் பாந்திரா-குர்லா வட்டாரம் வரை கட்டிடங்களின் கண்ணாடிச் சன்னல்களைக் கழுவிக் கொடுக்கிறான். நீண்ட கழியின் நுனியில் தூரிகை. அதற்குத் தண்ணீர் கொண்டு செல்வது 100 மீட்டர் நீளக் குழாய். உப்பு நீக்கிய நீராதலால் கண்ணாடி தானே உலரும்; கறை படியாது. தொழில் நல்ல தொழில்தான். வேலை முடிந்து குழாயைச் சுருட்டும்போதுதான் தொல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மான்கூர்டில் இறங்கி, அணுசக்தி நகரை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்தான். சோற்றைப் பிசைந்த வலக்கை வாய்வரை எழவில்லை, இடக்கையால் தாங்கிக்கொண்டான். "அத்தான், மோட்டார் வைத்த ரீல் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் தங்கச்சி வளையலைத் தருவதாகச் சொல்கிறாள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அடகு வைத்துவிடுவேன்" என்றான். கணக்குப் பார்க்காமல் எவர் நகைக்கும் வழி சொல்ல எனக்கு மனம் வராது. காகிதமும் பென்சிலும் எடுத்தேன்.

தோலால் ஆன தண்ணீர்க் குழாயை 1672-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் தீயணைப்புக்கென்று உருவாக்கியவர்கள் வான் டெர் ஹெய்டன் சகோதரர்கள். அவர்களில் யான் என்பவர் ஓவியருங்கூட. குழாய் பிறந்த அன்றே அதைச் சுருட்டும் தொல்லையும் பிறந்திருக்க வேண்டும்.

மைத்துனனின் குழாய் உள்விட்டம் 8 மில்லிமீட்டர். அதில் 100 மீட்டருக்கு ஐந்து லிட்டர் நீர் நிற்கும். அதுவே ஐந்து கிலோ. குழாயின் சொந்த எடை வேறு. உருளையின் சுற்றளவு ஒரு மீட்டர் என்றால் ஏறக்குறைய நூறு முறை கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். நாளைக்கு ஆறு கட்டிடங்கள் என்றால் அறுநூறு சுழற்சி! குழாய் தூண் மூலையைச் சுற்றி வருமாயின் உராய்வினால் இழுக்கும் பலம் இரட்டிப்பாகவும் கூடும். ஊரில் கமலை இறைத்தவர்களுக்கு வடம் உரசினால் மாடு படும் பாடு தெரியும். இங்கே மாட்டின் இடத்தில் மனிதன் நிற்கிறான்.

விசையால் சுருட்டும் வழிகள் பல. சுருள்வில் ரீல் குறுகிய குழாய்க்கே ஏற்றது; கைவிட்டால் குழாய் பாம்புபோல் சீறிப் பாயும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு பாட்டரி டிரில்லை மாட்டுவோர் உண்டு; செலவு குறைவு, ஆனால் நீண்ட குழாயை நாள்தோறும் இழுத்தால் டிரில் சூடேறிக் கெடும். சாக்கடை அடைப்பு நீக்கும் பெருவண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தால் ரீல் சுழலும். அது டெம்போவுக்கு யானைத் தீனி. வண்டி பாட்டரியில் ஓடும் 12 வோல்ட் மோட்டாரும், வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும் பற்சக்கரமுமே இவனுக்குப் பொருத்தம்.

மின்சாரச் செலவையும் பார்த்தேன். பத்துக் கிலோ இழுப்பு, விநாடிக்கு அரை மீட்டர் வேகம், பாதி விசை உராய்வில் வீண் என்று வைத்தாலும் சுமார் 100 வாட் போதும். அதாவது எட்டு ஆம்பியர். ஒரு முறை சுருட்ட மூன்று நிமிடமும் இருபது விநாடியும். ஆறு முறைக்கு இருபது நிமிடம். பாட்டரிக்கு இது பெரும் பாரமன்று.

நிற்க. நண்பர் ஒருவரிடம் அத்தகைய ரீல் ஒன்றை இரவல் வாங்கிச் சோதித்தான். அதன் சுவிட்சை ஒருமுறை தட்டினால் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். பட்டம் விடுவோர் ஃபிர்கியில் நூலைப் பரப்பிச் சுற்றுவதுபோல, குழாய் ஒரே பக்கம் குவியாதிருக்க உதவிப் பையன் கையால் நெறிப்படுத்திக்கொண்டிருந்தான். கையுறை குழாயோடு சேர்ந்து உருளைக்குள் சென்றது. "அண்ணாச்சி!" என்ற அலறல் கேட்டு மைத்துனன் பாய்ந்து பாட்டரிக் கம்பியைப் பிடுங்கினான். ஒரு நகம் போயிற்று, விரல் பிழைத்தது.

ஆகவே இத்தொழிலில் உள்ள அன்பர்கள் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை இவை. விரல் அழுத்தும் வரை மட்டும் ஓடி, எடுத்ததும் நிற்கும் சுவிட்சு வேண்டும். குழாய் எங்கேனும் சிக்கினால் மின்னோட்டம் பன்மடங்கு ஏறிக் கம்பி எரியும். எனவே பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். குழாயைத் தானே பரப்பும் வழிகாட்டித் தண்டு இருந்தால் மனிதக் கை உருளையை அணுக வேண்டியதில்லை. பம்பை நிறுத்தி அழுத்தத்தை வெளியேற்றிய பின்னரே சுருட்ட வேண்டும். நுனியிலுள்ள பித்தளை மூட்டு தரையில் துள்ளி வரும். கடைசி ஐந்து மீட்டரைக் கையாலேயே இழுப்பது நலம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இதை ஒருபோதும் மறத்தலாகாது.

கணக்கு முடிந்தது; ஆனால் காகிதத்தில் அடங்காத கேள்வியொன்று எஞ்சியது. குழாய் சுருட்டுவதே அந்தப் பையனின் வேலை. அடுத்த முறை வந்தபோது கட்டுப்போட்ட விரலோடு அவனும் உடன் வந்திருந்தான். வாயிற்படியிலேயே நின்றுகொண்டு, "மோட்டார் வந்தால் நான் ஊருக்குப் போக வேண்டியதுதானா, ஐயா?" என்று என்னைக் கேட்டான். அவன் அனுப்பும் பணத்தில்தான் அங்கே தங்கையின் பள்ளிப் படிப்பு நடக்கிறது.

மைத்துனன் தலைகுனிந்தான். நான் சொன்னேன்: "மோட்டாரை வாங்கு, வளையலை வைத்துக் கடன் வாங்குவதானால், வட்டி கட்டும் வழியையும் சேர்த்து வாங்கு. இன்னொரு கழி வாங்கி இவன் கையில் கொடு. இருவரும் கழுவினால் ஆறு கட்டிடம் எட்டாகலாம். இவனுக்குத் தொழிலும் தெரியும், உனக்குத் தோளும் மிஞ்சும்."

இரண்டாவது கழி வந்துவிட்டது. கழிக்கு விலை குறைவு. ஆதலால் அதுதான் முதலில் வந்தது. ரீல், விரலெடுத்ததும் நிற்கும் சுவிட்சுடன், அடுத்த மாதம் வரும். வளையல் இன்னும் கையில்தான் இருக்கிறது.