ஆற்றங்கரையில் அடுப்புக்கு ஒரு பொறுப்பாளி

ஆடி பிறந்ததும் பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்குச் சென்னையிலிருந்தும் சுற்று வட்டாரங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். மொட்டை போட்டு, வேப்பஞ்சேலை கட்டி வலம் வந்து, பொங்கல் வைத்து, ஆடு கோழி அறுத்துச் சமைத்துச் சாப்பிட்டு, மிச்சத்தை ஆற்று மணலிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். வேப்பிலை மட்கிவிடும், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாட்டில், எண்ணெய் பாக்கெட், இறைச்சிக் கழிவு கட்டிய பைகள் அப்படியல்ல. இதைப் பார்ப்பவர்கள் நம் மக்களுக்குப் பொதுஇட ஒழுக்கமே கிடையாது என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. விரதம் காப்பதிலும் நேர்ந்துகொண்டதை நிறைவேற்றுவதிலும் இம்மியும் பிசகாதவர்கள் இவர்கள். நேர்த்திக்கடனில் யாருக்கு எந்தக் கடமை என்பது தெளிவாக இருக்கிறது. மொட்டை யாருக்கு, பொங்கல் பானை யார் கையில் என்பதெல்லாம் வீட்டிலேயே முடிவாகிவிடுகிறது. குப்பைக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. ஒழுக்கம் இருக்கிறது, பொறுப்பைத்தான் நாம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

ஒப்படைக்காததன் விலை கோயில் வாசலோடு முடிவதில்லை. கோயிலை ஒட்டி ஓடும் ஆரணியாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல்தான். அதனால்தான் அது ஆறாகத் தெரியாமல் திறந்த மைதானமாகத் தெரிகிறது. ஆடியில் மணலில் விழுந்தது ஐப்பசி வரை அங்கேயே கிடக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்து, ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணையிலிருந்தும் நீர் திறந்துவிட்டால், அத்தனையும் பொன்னேரிப் பக்கமாக ஓடிப் பழவேற்காடு ஏரியில் சேரும். அங்கே மீனவர் வலையில் ஏறும். அதற்குமுன் அந்த மணல் வழியாகத்தான் நிலத்தடிக்கு நீர் இறங்குகிறது. சென்னைக்குக் குடிநீர் தந்த பஞ்செட்டி, மீஞ்சூர் கிணறுகள் இந்த ஆரணி – கொசஸ்தலைப் படுகையில்தான் இருக்கின்றன. சென்னையிலிருந்து வரும் குடும்பம் அடுத்த ஊர் ஆற்றில் குப்பையைப் போட்டுவிட்டுப் போவதாக நினைக்கிறது. தன் நகரத்துக்கே நீர் கொடுத்த நிலத்தில்தான் போடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இரண்டும் தேவையானவையே. ஆனால் அபராதம் விதிக்க ஆளைப் பிடிக்க வேண்டும். ஆடி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் யார் யாரைப் பிடிப்பது? நீலகிரியில் வேறு வழி பலன் தந்தது. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதுவரை காட்டில் உடைந்து கிடந்து யானையின் காலைக் கிழித்துவந்த பாட்டில்கள், பெரும்பாலும் கடைக்கே திரும்பத் தொடங்கின. குடிப்பவர்கள் ஒரே இரவில் திருந்திவிட்டார்களா? இல்லை, காலிப் பாட்டிலுக்கான பொறுப்பு அவர்கள் கையிலேயே இருந்தது. திட்டம் பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் சென்றது.

பெரியபாளையத்திலும் இதைச் செய்யலாம். இங்கே யாரும் தனியாக வருவதில்லை. வேனில் வருகிறார்கள், ஓர் அடுப்பைச் சுற்றி உட்காருகிறார்கள். அந்த அடுப்புதான் அலகு. வண்டி நிற்கும் இடத்திலேயே ஒவ்வொரு குழுவுக்கும் எண் போட்ட இரண்டு பைகள் கொடுத்து, ஒன்று மட்குவதற்கு, ஒன்று மட்காததற்கு என்று சொல்லி, சிறு முன்பணம் வாங்கலாம். திரும்பும்போது பையைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். ஏழைக் குடும்பத்துக்கு இது சுமையாகாதா என்று கேட்பது நியாயம்தான். அதனால்தான் இதைக் கட்டணமாக்கக் கூடாது. முழுத்தொகையும் திரும்பக் கிடைக்க வேண்டும். யாராவது பையை விட்டுப்போனால் அதை எடுத்துவந்து தருபவருக்குப் பணம் சேரட்டும்.

வரியும் காணிக்கையும் தருகிறோம், சுத்தம் செய்வது கோயிலும் உள்ளாட்சியும் பார்க்க வேண்டிய வேலைதானே என்ற வாதம் இதைவிட வலுவானது. அதில் பாதி உண்மை. கழிப்பறை, குடிநீர், குப்பை லாரி, பணியாளருக்குக் கையுறை ஆகிய அனைத்தும் அறநிலையத் துறையும் உள்ளாட்சியும் தர வேண்டியவை. அவை இல்லாமல் பக்தர்களுக்கு உபதேசம் செய்வது அநியாயம். ஆனால் இறைச்சிக் கழிவும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்த லாரியாலும் அதைப் பிரிக்க முடியாது. ஒரு தூய்மைப் பணியாளர் அழுகியதற்குள் கைவிட்டுத்தான் பிரிக்க வேண்டும். அதை நோகாமல் பிரிக்கக்கூடியவர், பொருள் கையில் இருக்கும் அந்த நொடியில் அதைப் பிடித்திருப்பவர் ஒருவர்தான். இந்த வேலையைக் காசு கொடுத்துப் பிறர் தலையில் கட்ட முடியாது.

வழிபாட்டில் விதிமுறைகளைப் புகுத்தலாமா என்பவர்கள் சபரிமலையைப் பார்க்கலாம். அங்குள்ள பம்பை ஆற்றில் துணியை விட்டுவருவது சடங்கு என்றே பலர் நம்பியிருந்தார்கள். அப்படியொரு சடங்கு கிடையாது என்று அங்கு விளக்கப்பட்டது. 2011-இல் தொடங்கிய ‘புண்ணியம் பூங்காவனம்’ திட்டத்தில் பக்தர்களே சிறிது நேரம் துப்புரவு செய்தார்கள். அதனால் யாத்திரையின் புனிதம் குறைந்துவிடவில்லை. பெரியபாளையத்தில் தொடங்க ஓர் ஆடி ஞாயிறும் ஒரு வாகன நிறுத்துமிடமும் போதும். முதல் வாரம் எத்தனை பைகள் திரும்பின என்பதைக் கோயில் வாசலில் எழுதி வைக்கட்டும். அடுத்த வாரத்துக்கு எவ்வளவு முன்பணம் என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.