துண்டும் பத்திரிகையும்

கல்முனைக் கரையிலிருந்து 1947இல் இலங்கை நாடாளுமன்றம் சென்ற எம்.எஸ். காரியப்பர் கேட் முதலியார் என்னும் குடியேற்றக் காலக் கௌரவப் பட்டத்துக்குரியவர். 1989இல் திகாமடுல்ல மாவட்டத்தில் தெரிவான எம்.எச்.எம். அஷ்ரப் சட்டத்தரணியும் கவிஞருமாவார். இவ்விருவரைப் போலன்றி அச்சுக்கூடத்தின் வழியே சட்டமன்றம் புகுந்தவரைத் தேடினால் மலையகத்தின் கோ. நடேசய்யரிடமே செல்ல வேண்டியுள்ளது. தஞ்சாவூரில் ‘வர்த்தகமித்திரன்’ நடத்திய அவர், கொழும்பில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய இதழ்களைத் தோட்டத் தொழிலாளரின் குரலாக்கினார்.

அவர் எழுதவந்த காலத்தில் தொழிலாளியின் வாழ்வைத் தீர்மானித்த தாள் வேறொன்று. ‘துண்டு’ எனப்பட்ட அச்சிறு சீட்டில் தொழிலாளியின் கடன் தொகை குறிக்கப்பட்டிருக்கும்; அத்தொகையைச் செலுத்தி ஏற்க இன்னொரு தோட்டத்தின் கங்காணி, அதாவது ஆட்களைத் திரட்டி மேற்பார்க்கும் இடையாள், முன்வந்தாலன்றித் தொழிலாளி இடம்பெயர இயலாது. கடனோடு மனிதரையும் கைமாற்றிய இம்முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டபோதிலும், கங்காணியின் பிடி எளிதில் தளரவில்லை. எழுத்தறியாத அம்மக்களிடையே அச்சிட்ட செய்தி ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதாகவே பரவ முடிந்தது; நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக இயற்றிப் பாடியதன் பெருமதிப்பை இங்கேதான் உணர வேண்டும். வரலாற்று நூல்கள் மீனாட்சியம்மாளுக்கு ஒதுக்கும் இடம் மிகக் குறைவு என்பது வருந்தத்தக்கது.

1925இல் நடேசய்யர் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவானார். ஆயினும் வருமானம், சொத்து, எழுத்தறிவு முதலிய தகுதிகளால் வாக்குரிமை வரையறுக்கப்பட்டிருந்தமையால், யாருக்காக அவர் எழுதினாரோ அவர்களுள் மிகப் பெரும்பாலோர் அவருக்கு வாக்களித்திருக்க முடியாது. டொனமூர் அரசியலமைப்பு 1931இல் சர்வசன வாக்குரிமையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் அட்டனைத் தளமாகக் கொண்டு அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். 1936இல் அட்டன் தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியபோது, பத்திரிகையின் செய்தியைக் காதால் கேட்டிருந்தவர்களும் வாக்காளராகியிருந்தனர். அந்தப் பதினொரு ஆண்டு இடைவெளியே அவருடைய வாழ்வின் அரிய பகுதியாகும்: வாக்கற்றவர்களை நம்பி எழுதுவதற்கு வாக்குக் கேட்பதைவிடப் பெரிய துணிவு வேண்டும்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தோல்வியுற்ற நடேசய்யர் அவ்வாண்டிலேயே மறைந்தார். அடுத்த ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரின் மிகப் பெரும்பகுதியினரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின.