கீ போர்டைக் குத்தினால் அசுரன் சாக மாட்டான்!

கம்ப்யூட்டர் வாங்கிய வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பெரியவர்கள் கணக்கு எழுத வேண்டும் என்பார்கள். பிள்ளைகள் கேம்ஸ் போடுவார்கள். எங்கள் ஓடைப்பட்டியிலும் இதே கதைதான். சென்ற ஆண்டு திராட்சை விற்ற பணத்தில் என் அக்கா ஒரு பிசி வாங்கினார். தோட்டத்து வரவு செலவை எக்செலில் எழுதத் தொடங்கினார். பிளஸ் ஒன் படிக்கும் அவர் மகனோ 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்' என்ற கேமை இன்ஸ்டால் செய்தான்.

புனேயில் உள்ள நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கி, 2020-ல் வெளிவந்த கேம் இது. அசுரர்கள் தூக்கிச் சென்ற தன் தம்பி கோலுவைத் தேடிப் போகிறாள் ராஜி என்ற பெண். துர்க்கை தந்த திரிசூலம் அவள் கையில் இருக்கும். 2020-ன் 'கேம் அவார்ட்ஸ்' விருதுகளில் சிறந்த அறிமுக இண்டி கேம் பிரிவுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. நம் நாட்டுக் கேம் என்பதால் எனக்கும் பிடித்திருந்தது.

ஆனால் பையன் ஒரு சண்டையைத் தாண்ட முடியாமல் மாட்டிக்கொண்டான். "மாமா, இந்த பிசி சரியில்ல. புது கிராபிக்ஸ் கார்டு போட்டாத்தான் ஜெயிக்க முடியும்" என்றான். அக்கா மறுத்துவிட்டார். அவன் என்ன செய்தான் தெரியுமா? உயிர் குறையாமலே விளையாட வைக்கும் 'டிரெய்னர்' புரோகிராம் ஒன்றை ஏதோ ஓர் இடத்திலிருந்து டவுன்லோடு செய்தான். ஆன்ட்டி வைரஸ் எச்சரித்தது. அதை ஆப் செய்துவிட்டு டிரெய்னரை ஓட்டினான். மறுநாள் காலையில் பைல்கள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. திறக்கப் பணம் கேட்டு திரையில் ஒரு செய்தி. அக்காவின் கணக்கும் அதோடு போயிற்று. நல்லவேளையாக அவர் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். விண்டோஸை மறுபடி போட்டு, பையனே இரவு இரவாக உட்கார்ந்து எல்லாவற்றையும் டைப் செய்தான்.

அதன் பிறகுதான் நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஆடுவதைப் பார்த்தேன். கோளாறு பிசியில் இல்லை, விரலில் இருந்தது! அடிக்கும் பட்டனை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தான். கண் ராஜியின் மேலேயே இருந்தது. பின்னால் வரும் அசுரனை அவன் பார்க்கவே இல்லை.

வேகமாகத் தட்டுபவன் ஜெயிப்பான் என்பது புதிதாக விளையாடுவோர் பலரின் எண்ணம். என் கருத்து நேர் எதிரானது. இந்த வகைக் கேம்களில் சண்டை என்பது பார்க்கும் பயிற்சி. சிலம்பம் சொல்லித்தரும் வாத்தியார் எடுத்தவுடன் கம்பை வீசவா சொல்கிறார்? காலடி வைக்கத்தான் முதலில் கற்றுத்தருகிறார். திராட்சைப் பந்தலில் கவாத்து வெட்டுபவரும் கணுவைப் பார்த்துத்தான் கத்தரியை வைப்பார்.

அவனுக்கு நான் சொன்னவை இவைதான். நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் பத்து நிமிடம் அடிக்கவே அடிக்காதீர்கள். விலகிக்கொண்டே இருங்கள். எந்த எதிரியும் அடிப்பதற்கு முன் கையையோ ஆயுதத்தையோ ஓங்குவான். அந்த அடையாளம் உங்கள் கண்ணுக்குப் பழக வேண்டும்.

அடுத்து, அவன் அடி வீணானதும் ஒன்றிரண்டு அடி மட்டும் கொடுத்துவிட்டு விலகுங்கள். பல கேம்களில் நம் ஆள் ஆயுதத்தை வீசத் தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. விடாமல் தட்டுபவர் அடி வாங்குவது இதனால்தான்.

மூன்றாவது, எதிரிகள் எல்லோரும் உங்களுக்கு முன்னால் இருக்கும்படி நகருங்கள். நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். சுற்றியுள்ள இடத்தையும் பயன்படுத்துங்கள். ராஜி சுவரில் ஓடி ஏறிப் பாய்ந்து அடிப்பாள். தூணைப் பிடித்துச் சுழன்றும் அடிப்பாள். பையன் இதைத் தொட்டதே இல்லை.

பிசியில் பார்க்க வேண்டியதும் கொஞ்சம் உண்டு, ஆனால் அதற்குச் செலவு தேவையில்லை. நொடிக்கு 30 பிரேம் ஓடினால் ஒரு படம் மாற 33 மில்லி செகண்ட் ஆகும். 60 ஓடினால் ஏறத்தாழ 17 போதும். ஆகவே செட்டிங்ஸில் நிழல்களையும் ரெசல்யூஷனையும் குறைத்துப் பாருங்கள். விலை குறைந்த சில கீ போர்டுகள் மூன்று கீகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விட்டுவிடும். நோட்பேடைத் திறந்து, கேமில் பயன்படும் எழுத்துக் கீகளை ஒன்றன்பின் ஒன்றாக, விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஏதாவது ஓர் எழுத்து வரவில்லை என்றால் கேமின் செட்டிங்ஸில் வேறு கீகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

"இவ்வளவு எதற்கு, விளையாட்டுதானே, டிரெய்னர் போட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். கஷ்டமாக இருந்தால் கேமிலேயே உள்ள 'ஈஸி' நிலையைத் தாராளமாக வையுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் யார் எழுதியது என்றே தெரியாத புரோகிராமுக்காக ஆன்ட்டி வைரஸை ஆப் செய்வது, திருடனுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். அதே பிசியில்தான் உங்கள் வீட்டுக் கணக்கும் போட்டோக்களும் இருக்கின்றன.

ஜோர்டன் மெக்னர் உருவாக்கி 1989-ல் வெளிவந்த 'பிரின்ஸ் ஆப் பெர்சியா' பலருக்கு நினைவிருக்கும். அதில் ஷிப்ட் கீ அடிக்க, மேல் அம்புக் கீ தடுக்க. தடுத்து அடிக்கத் தெரியாதவர் காவலாளிகளைத் தாண்டவே முடியாது. முடியப் போகும் நேரத்தில் இளவரசனின் நிழலே வாளோடு எதிரே நிற்கும். அதை வெட்டினால் நம் உயிர்தான் குறையும்! கீழ் அம்புக் கீயை அழுத்தி வாளை உறையில் போட்டால்தான் வழி கிடைக்கும். எப்போது அடிக்கக் கூடாது என்று தெரிவதும் சண்டைப் பயிற்சிதான் என்பதை அன்றே காட்டிய கேம் அது.

பையன் ஒரு வாரம் பழகி, அதே பிசியில், அதே கீ போர்டில் அந்தச் சண்டையை ஜெயித்தான். புது கிராபிக்ஸ் கார்டு பற்றி அதன் பிறகு பேச்சே இல்லை. அக்கா இப்போது கணக்கை வாரம் ஒரு முறை பென் டிரைவில் காப்பி எடுத்து, டிரைவைக் கழற்றிப் பீரோவில் வைக்கிறார். நீங்களும் அதை இன்றே செய்துவிட்டு, பிறகு திரிசூலத்தைக் கையில் எடுங்கள்!