செத்த தாரா?

பழைய தார் செத்த தார். அதைச் சுரண்டிப் புதுச் சாலையில் கலந்தால் லாபம் ஒப்பந்தக்காரருக்கு, பள்ளம் நமக்கு. எங்கள் நாரணாபுரம் டீக்கடை வரை ஓடும் இந்த வாதம் நிற்காது.

ஒன்று. தார்ச்சாலையின் எடையில் தார் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மிச்சமெல்லாம் ஜல்லியும் கல்தூளும். ஜல்லிக்கு ஏது சாவு?

இரண்டு. தாரும் சாகவில்லை. வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போகிறது, அவ்வளவே. இளக்கும் எண்ணெயோ இளகலான புதுத் தாரோ சேர்த்தால் மறுபடி பிடிக்கும். இதற்கென்றே இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐஆர்சி 120 வழிகாட்டி 2015-லேயே வந்துவிட்டது. புரட்டியாவது பார்த்தீர்களா?

மூன்று, கணக்கு. 3.75 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம், ஒரு கிலோமீட்டர் நீளம் சுரண்டினால்: 150 கன மீட்டர், சுமார் 350 டன். இதைக் கண்மாய்க் கரையில் கொட்டிவிட்டு, அதே அளவு கல்லுக்கு இன்னொரு குன்றில் வெடி வைப்பதா? அச்சகத்தில் வெட்டி விழும் தாள் ஓரத்தைக்கூட மூட்டை கட்டி விற்கும் வட்டாரமல்லவா இது!

சுரண்டாமல் மேலே மேலே போட்டால்? வாசற்படி சாலைக்குள் புதையும். ஐப்பசி மழை திண்ணை தாண்டி உள்ளே வரும். அதனால்தான் 2021 மே மாதம் அப்போதைய தமிழகத் தலைமைச் செயலாளர் இறையன்பு, பழைய மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு அதே உயரத்துக்குப் போடச் சொன்னார். சுரண்டியது எங்கே போகிறது என்று கேளுங்கள். அது நியாயமான சண்டை.

கெட்ட கலவை உண்டா? உண்டு. மண்ணோடு அள்ளி, மழையில் நனையவிட்டு, சலிக்காமல் கலந்தால் சாலை பெயரத்தான் செய்யும். புது ஜல்லியை அப்படிக் கையாண்டால் மட்டும் பெயராதா?