நாக்கு நுனியில் நிற்கும் பெயரும் நடக்கிற கால்களும்

"பேரு நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது." அறுபதைக் கடந்தவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போகாது. ஆள் யார், எந்த ஊர், யாருக்குச் சம்பந்தி, எந்தக் கல்யாணத்தில் பார்த்தோம் என்பதெல்லாம் நினைவிருக்கும். பெயர் மட்டும் வராது. "வயசானா அப்படித்தான்" என்று சிலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று சிலர் கலங்குகிறார்கள். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள்.

நாம் ஒரு சொல்லைச் சொல்ல மூளை இரண்டு வேலைகளைச் செய்கிறது. சொல்ல வந்த பொருளைத் தேர்கிறது. பிறகு அந்தப் பொருளுக்குரிய ஒலியைத் தேடி எடுக்கிறது. முதுமையில் முதல் வேலை பெரும்பாலும் கெடுவதில்லை. சொல்வளம் அறுபதுகளிலும் குறையாமல் நிற்கிறது, பலருக்கு இளமையில் இருந்ததைவிடக் கூடியே இருக்கிறது. தளர்வது பொருளுக்கும் ஒலிக்கும் நடுவே உள்ள தொடர்பு. டெபரா பர்க், டொனால்ட் மெக்கே என்ற உளவியலாளர்கள் 1991-இல் தம் சக ஆய்வாளர்களுடன் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் பரவலாக ஏற்கப்படுவது.

ஆள்பெயர்கள் ஏன் அதிகம் நழுவுகின்றன என்பதும் இதில் புரிந்துவிடுகிறது. தச்சர் என்று நினைத்தால் மரம், உளி, இழைப்புளி என்று பல பக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லுக்கு உதவி வரும். அதே தச்சரின் பெயர் முத்தையா என்பதற்கு அவருடைய தொழிலோ முகமோ எந்தக் குறிப்பும் தருவதில்லை. ஒரே ஒரு தொடர்பு, அதுவும் அடிக்கடி புழங்காதது. வேறொருவர் அந்தப் பெயரைச் சொன்ன மறுகணமே "ஆமா, அவரேதான்" என்கிறோமே, அறிவு அழியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இதற்கும் கால்களுக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கத்ரீன் செகார்ட் குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது. ஆரோக்கியமான முதியவர்கள் 28 பேர், இளைஞர்கள் 27 பேர். விளக்கத்தைப் படித்து அதற்குரிய சொல்லையோ பிரபலமானவரின் பெயரையோ சொல்ல வேண்டும். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் வைத்து முதியவர்களின் இதய, நுரையீரல் திறனையும் அளந்தார்கள். இளைஞர்களைவிட முதியவர்களுக்குச் சொல் நாக்கு நுனியில் சிக்குவது அதிகம், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் முதியவர்களுக்குள்ளேயே உடல்திறன் கூடியவர்களுக்கு அந்தச் சிக்கல் குறைவாக இருந்தது. வயது, சொல்வளம் இரண்டையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு மறையவில்லை.

இங்கே நிதானம் வேண்டும். இது காட்டுவது ஒரு தொடர்பை மட்டுமே. உடல்திறன்தான் சொல்லை மீட்டது என்று நிரூபிக்க 28 பேரை ஒருமுறை அளந்தது போதாது. "தினமும் நடந்தால் மறதியே வராது" என்று செல்போனில் சுற்றுகிற செய்திகள் இந்த இடத்தைத்தான் தாண்டிக் குதிக்கின்றன. ஒருமுறை அளப்பதோடு நிற்காமல் நீண்ட நாள் தொடர்ந்து பார்த்த சோதனைகளும் உண்டு. அமெரிக்காவில் கர்க் எரிக்சன் குழுவினர் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் கவனித்தார்கள். ஒரு பாதிக்கு வாரம் மூன்று நாள் நடை, மறுபாதிக்கு உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. நடந்தவர்களுக்கு நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப்பகுதி சுமார் 2 சதவீதம் வளர்ந்தது, மற்றவர்களுக்கு 1.4 சதவீதம் சுருங்கியது. 2011-இல் வெளியான இந்த முடிவு பெரிதாகப் பேசப்பட்டது. நினைவுத் தேர்வில் இரு குழுவினருமே முன்னேறினார்கள் என்பது மட்டும் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

சைக்கிளும் பயிற்சித் திட்டமும் வேண்டாம், வீட்டு வேலையும் கடைக்குப் போய்வருவதும் கணக்கில் வருமா? நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வேறு ஆய்வாளர்கள் 40 முதல் 65 வயதுள்ள இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ஒன்பது நாள், நாளைக்கு ஆறு முறை செல்போன் வழியே விசாரித்தார்கள். சற்றுமுன் உடல் அசைந்து ஏதாவது செய்தவர்களுக்கு அந்த வேளையில் மூளையின் வேகம் கூடியிருந்தது. 2024-இல் வெளியானது இது. அளக்கப்பட்டது வேகம், பேச்சு அல்ல. ஆனால் ஓடும் உரையாடலில் சொல்லைப் பிடிக்க அந்த வேகம் தேவை. உலக சுகாதார நிறுவனமும் தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் கைவிட்டது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, சிறுசிறு துண்டுகளாக இருந்தாலும் சரி. 65 கடந்தவர்களுக்குக் கூடுதலாகத் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் வேண்டும்.

அந்தப் பயிற்சியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1997-இல் முதியோர் இல்லவாசிகள் 58 பேரை நடக்கவைத்துப் பேச்சுக் கொடுத்தார்கள். பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். நடையும் பேச்சும் ஒரே கவனத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

பெயர் மறப்பது வேறு, நோய் வேறு. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அது எதற்கு என்றே தெரியாமல் விழித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென்று பேச்சு குழறினாலோ, வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மற்றபடி, "நீங்க சும்மா உக்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பாசத்தோடு சொல்லி அம்மாவின் கையிலிருந்து துடைப்பத்தையும் அப்பாவின் கையிலிருந்து காய்கறிப் பையையும் வாங்கிவிடுகிறோம். முடியாதவர்களுக்கு அது உதவி. முடிகிறவர்களுக்கு இழப்பு என்றே நான் நினைக்கிறேன். அவர்களால் செய்ய முடிவதைச் செய்ய விடுங்கள். சாயங்காலம் கூடவே நடங்கள். பெயர் வராமல் திணறினால் கேலி பேசாமல் எடுத்துக்கொடுங்கள். பேசுவதற்காக அவர்கள் நின்றால் அவசரப்படுத்தாமல் நீங்களும் நில்லுங்கள்.