மேக்னம் மோகமும் சாகாமல் ஓடும் மானும்

அமெரிக்காவில் மான் வேட்டைப் பருவம் நெருங்கினால் துப்பாக்கிக் கடைகளில் ஒரே கேள்விதான். "மானுக்கு எந்தத் தோட்டா வாங்கலாம்?" வருகிற பதிலும் ஒன்றுதான். பெரிசா வாங்கு, மேக்னமா வாங்கு, எங்கே பட்டாலும் அங்கேயே விழும்!

வேட்டை உலகத்தில் இதைவிடப் பெரிய புளுகு கிடையாது. இந்தப் புளுகுக்கு விலை கொடுப்பது வாங்குபவரின் பர்ஸ் மட்டுமா? வயிற்றில் குண்டை வாங்கிக்கொண்டு ராத்திரி முழுக்கப் புதரில் கிடந்து சாகிற மானும்தான். (இந்தியாவில் 1972 சட்டப்படி மான் வேட்டையே குற்றம். அதனால் இது முழுக்க வெளிநாட்டுச் சமாச்சாரம்.)

பிளஸ் டூ இயற்பியலே போதும், கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 1906-ல் வந்த .30-06 தோட்டா 11.7 கிராம் குண்டை நொடிக்கு சுமார் 820 மீட்டரில் தள்ளும். ஆற்றல் ஏறத்தாழ 3900 ஜூல். 1963-ல் வந்த .300 வின்செஸ்டர் மேக்னம் அதே குண்டை சுமார் 900 மீட்டரில் தள்ளும். ஏறத்தாழ 4700 ஜூல். ஆக வேகத்தில் 10 சதவீதம், ஆற்றலில் 20 சதவீதம் லாபம். ஆனால் அதே எடையுள்ள துப்பாக்கியில் தோளுக்கு வருகிற உதை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அந்த உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பவர் எத்தனை பேர்! குறி நெஞ்சுக்கு, குண்டு குடலுக்கு. 4700 ஜூலும் அங்கே வீண்.

மான் ஜூலுக்குச் சாவதில்லை. நுரையீரலும் இதயமும் கிழிந்து, ரத்தம் வடிந்து, மூளைக்குப் பிராணவாயு நின்றால்தான் சாகும். அதற்குக் குண்டு சரியான இடத்தில் நுழைய வேண்டும், போதுமான ஆழம் போக வேண்டும், போகும்போது ஓரளவு விரிய வேண்டும். இதில் இரண்டு வேலை, தோட்டாவின் முனையில் உட்கார்ந்திருக்கிற குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. மூன்றாவது, சுடுகிற ஆளைப் பொறுத்தது. பெட்டியில் எழுதியிருக்கிற 'மேக்னம்' என்ற வார்த்தைக்கு இதில் என்ன வேலை?

சந்தேகம் இருந்தால் ஜான் நோஸ்லர் கதையைப் பாருங்கள். 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேறு அப்பிய ஒரு மூஸை அவர் சுட்டார். கையில் இருந்தது .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம். குண்டுகள் ஆழமாக இறங்கவே இல்லை! அந்த மனிதர் அடுத்து இதைவிடப் பெரிய துப்பாக்கியைத் தேடிப் போகவில்லை. குண்டின் நடுவே உலோகத் தடுப்பு வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் துளைத்துக்கொண்டு போகும். அதுதான் இன்றுவரை விற்கிற 'பார்ட்டிஷன்' குண்டு. கோளாறு எங்கே என்று அவருக்குப் புரிந்தது. கடைக்காரர்களுக்குத்தான் இன்னும் புரியவில்லை.

ஸ்வீடன்காரர்கள் 1890-களில் வந்த 6.5x55 ராணுவத் தோட்டாவை வைத்தே தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். சுமார் 3000 ஜூல்தான். ஒல்லியான, நீளமான, கனமான குண்டு. அதனால் ஆழமாக இறங்குகிறது.

"அப்படியென்றால் சின்னதே போதுமா?" என்று கிளம்புகிற கூட்டமும் உண்டு. இவர்களுக்கு ஒரு குலதெய்வம், கரமோஜோ பெல். 7x57 போன்ற சின்னத் தோட்டாக்களை வைத்தே ஆயிரம் யானைகளுக்கு மேல் சுட்டவர். உண்மைதான். ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர், விரியாத கெட்டிக் குண்டு பயன்படுத்தியவர். அந்தப் படிப்பு இல்லாமல் பெல் பெயரை மட்டும் சொல்வது வெறும் வாய்ச்சவடால். ஆப்பிரிக்காவின் பல நாடுகள் இன்று எருமை, யானைக்கு .375-க்குக் குறைந்ததை அனுமதிப்பதில்லை. இங்கிலாந்தில் 1991 சட்டப்படி, இரண்டு குட்டி இனங்களைத் தவிர மற்ற மான்களுக்கு .240 அங்குல விட்டமும் சுமார் 2300 ஜூலும் குறைந்தபட்சம். கீழ்வரம்பு வேண்டும். அதைத் தாண்டிய பிறகும் பெரிசு பெரிசு என்று ஓடுவதுதான் பைத்தியக்காரத்தனம்.

சரி, எதைத்தான் வாங்குவது? வெள்ளைவால் மானுக்கு .243, 6.5 கிரீட்மூர், .308 எதுவும் போதும். அடர்ந்த காட்டில் கிட்டத்தில் சுட 1895-ன் பழைய .30-30 கூட போதும். எல்க், மூஸ் என்றால் .308 அல்லது .30-06, உடையாத நல்ல குண்டோடு. மிச்சமாகிற காசுக்குப் பயிற்சித் தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகட்டும்.

நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் வருஷா வருஷம் பரீட்சை எழுத வேண்டும். பேனாவால் அல்ல, துப்பாக்கியால். 100 மீட்டரில் கலைமான் படம், ஐந்து குண்டு, ஐந்தும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். ஒன்று தப்பினாலும் ஃபெயில். மேக்னம் வைத்திருப்பவருக்குக் கிரேஸ் மார்க் எல்லாம் கிடையாது.